ஏரி பார்த்த வீடு

தெற்கு பார்த்த வீடு கூடவே கூடாது என்பது என் மாமனாரின் கட்சி. வடக்கு என்றால் குபேரன், கிழக்கு என்றால் சூரியன், மேற்கு என்றால் யோசிக்கலாம். பாவம், அவர் தஞ்சாவூர்க்காரர். திக்கு நான்குதான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஹைதராபாத்தில் ஐந்தாவது திக்கைக் கண்டுபிடித்துப் பல வருஷமாகிறது. அதன் பெயர் ஏரி. கிழக்கு பார்த்த வீட்டுக்கு ஒரு விலை. ஏரி பார்த்த வீட்டுக்குச் சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் மேலே.

பத்மாராவ் நகரில் பதினெட்டு வருஷம் வாடகை கொடுத்தாயிற்று, இனி சொந்தமாக நாலு சுவர் வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. அதை அமல்படுத்துவதற்காக 2024 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நகரின் மேற்கே, கட்டி ஆறு வருஷமான ஒரு குடியிருப்பின் நான்காம் மாடி பால்கனியில் நானும் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். குருக்கள் கற்பூரத் தட்டைக் காட்டுகிற பாவனையில் தரகர் கையை நீட்டினார்.

“லேக் வியூ சார்.”

கண்ணுக்கு எட்டியவரை ஆகாயத்தாமரை. அதன்மேல் இரண்டு கொக்கு, கவிழ்ந்த ஒரு தெர்மாகோல் பெட்டி, போன வருஷத்துப் பிள்ளையாரின் மூங்கில் சட்டம். தண்ணீர் எங்கே என்று மனைவி கேட்டாள். “அடியில இருக்கு மேடம்.” மூக்குக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கட்டடத்துக்கும் ஏரிக்கும் நடுவே நீலத் தகரம் போட்ட ஒரு கொட்டகை. வாசலில் ஒரு பெண் கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். வியூவை அந்தக் கொட்டகை ஓரத்தில் மறைக்கிறதே என்று தரகருக்கு மெய்யான வருத்தம். “வாட்ச்மேன் ஃபேமிலி சார். டெம்பரரி. போயிடும்.”

“ஏரி இங்கேருந்து எவ்வளவு தூரம்?” என்றேன்.

“எந்த மாசத்துல சார்?”

அதில் நக்கல் இல்லை. ஏரியின் எல்லை என்றால் என்ன என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்த அரசாணையும் சொன்னதில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவரே ஆறுதலும் சொன்னார்: “லைட் தீஸ்கோண்டி சார்.” பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பொருள். இந்த ஊரின் மகாவாக்கியம் அது. அரசு முத்திரையில் பொறிக்க வேண்டியது.

கீழே செல்லாருக்குப் போனோம். வண்டி நிறுத்தும் நிலவறைக்கு இங்கே அதுதான் பெயர். சுவரில் மார்பளவு வரைக்கும் ஒரு வெள்ளை, அதற்கு மேலே இன்னொரு வெள்ளை. கீழே இருப்பது புதுசு. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. மின்சார மீட்டர்களெல்லாம் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தன. ரீடிங் எடுக்க வருகிறவர் ஏறி நிற்க மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பழைய மீட்டர் பலகையைக் கழற்றிய துளைகள் இடுப்பளவில் வரிசையாக, பட்டி பார்த்தும் மறையாமல். தரகர் யாருடனோ போனில் பேசப் போன நேரம் பார்த்து வாட்ச்மேனைக் கேட்டேன். பாலமூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். உள்ளங்கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். “இக்கடி தாகா சார். ரெண்டு வேல இரவை.” இதுவரைக்கும், 2020-ல்.

அந்தக் கட்டடத்தில் நெஞ்சில் கை வைத்து உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அதுவும் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டுவதற்காக.

2020 அக்டோபர் 13 ராத்திரியை இந்த ஊர் மறந்திருக்காது. மறந்திருந்தால் சுவர்கள் ஞாபகப்படுத்தும், மேல்பூச்சு அடிக்காதவரை. பழைய நகரத்தின் பக்கம் பல்லெ செருவும், சில நாள் கழித்து குர்ரம் செருவும் கரை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தன. டோலிசௌக்கியில் நதீம் காலனி, தான் முன்பு யார் என்பதைத் திடீரென்று நினைவுகூர்ந்து ஏரியாகவே கிடந்தது. அரசு மனமிரங்கி 550 கோடி ஒதுக்கி, வீட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று கொடுக்க ஆரம்பித்தது. ஏன் அப்படி என்று கேட்டால், டிசம்பர் 1-ஆம் தேதி மாநகராட்சித் தேர்தல். நவம்பர் 18-ல் தேர்தல் ஆணையம் அந்தப் பண விநியோகத்தை நிறுத்திவைத்தது. மீசேவா மையங்களின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் வரிசையிலிருந்தே வீட்டுக்குப் போனார்கள். வெள்ளம் வடியாத இடத்தில் நிவாரணம் மட்டும் வடிந்தது.

தெலுங்கில் செருவு என்றால் ஏரி. பழந்தமிழில் செரு என்றால் போர். இந்த ஊரில் இரண்டு மொழியும் சமாதானமாகி ஒரே பொருளைத் தருகின்றன.

நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நல்லகுண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல குளம், மங்களகரமான பெயர் என்று நினைத்துக் குடிவந்த தமிழர்களை நான் அறிவேன். தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. சாக்கடையைப் பார்த்த பிறகு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாசாப் டேங்கில் டேங்க் கிடையாது. இருந்த இடத்தில் பூங்கா இருக்கிறது. தலாப் கட்டா என்றால் ஏரிக்கரை. கரை பேரில் மட்டும் உண்டு, ஏரி போய்ச் சேர்ந்தது. மழைநீர்க் கால்வாய்க்கு இங்கே நாலா என்று பெயர். அதை நாலா பக்கமும் அடைத்துவிட்டார்கள். இதைப் படித்துச் சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். தி.நகர் ஏரிப்படுகையில் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் கட்டி, நீரின்றி அமையாது உலகு என்றவரையே அதில் உட்கார்த்தி வைத்த ஊர் அது. வேளச்சேரிக்காரர்கள் 2015 டிசம்பரில் படகில் ஏறிய கதை தனி.

சரி, எஃப்.டி.எல். ஹைதராபாத்தில் வீடு தேடுகிறவன் அப்பா பெயருக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்றெழுத்து. ஏரி நிரம்பித் ததும்பும்போது தண்ணீர் எதுவரை பரவுமோ அந்த மட்டம். அதற்குள் கட்டக் கூடாது. 2012-ல் வந்த கட்டட விதிகளின்படி, பத்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரி என்றால் அந்த மட்டத்துக்கு வெளியே இன்னும் 30 மீட்டர் விட வேண்டும். சின்ன ஏரி என்றால் 9 மீட்டர். கேட்பதற்கு எவ்வளவு எளிமை! ஆனால் அந்த மட்டம் எங்கே ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் ஓர் ஏரி. நீர்ப்பாசனத் துறையிடம் இன்னோர் ஏரி. பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் மூன்றாவது ஏரி. ஏரி ஒன்றுதான், துறைக்குத் துறை மெலிந்தும் பருத்தும் தெரியும். முன் அறிவிக்கை, இறுதி அறிவிக்கை என்று இரண்டு சடங்கு உண்டு. பெரும்பாலான ஏரிகளுக்கு நிச்சயதார்த்தத்தோடு சரி, முகூர்த்தம் வருஷக்கணக்காகத் தள்ளிப்போனது. சீக்கிரம் முடியுங்கள் என்று உயர் நீதிமன்றம் விரட்ட வேண்டியிருந்தது.

இந்த லட்சணத்தில் அதிகாரிகள் நமக்குச் சொல்லும் புத்திமதி: வாங்குவதற்கு முன் நன்றாக விசாரித்து வாங்குங்கள்.

விசாரிக்கலாமே. ஒரு குமாஸ்தா தன் ஞாயிற்றுக்கிழமைகளை அர்ப்பணித்து, மூன்று துறையின் மூன்று வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வில்லங்கச் சான்றையும் லிங்க் டாக்குமென்ட்டுகளையும் படித்து, சர்வேயரைக் கூட்டிப்போய்க் கல்லைத் தேடி, மூன்று துறையும் ஐம்பது வருஷமாகக் கண்டுபிடிக்காத கோட்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அதே கோட்டைக் கண்டுபிடிக்கச் சம்பளமும் ஜீப்பும் வாங்கியவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ரசீது போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் கோப்பை நான் புரட்டிப் பார்த்தேன். கட்டட அனுமதிக்குக் கட்டணம், ரசீது. பத்திரப் பதிவுக்கு, ரசீது. 2021 ஜூலையிலிருந்து முத்திரையும் பதிவும் மற்றதும் சேர்த்து நூற்றுக்கு ஏழரை ரூபாய். கோடி ரூபாய் வீட்டுக்கு ஏழரை லட்சம். ஏழரை என்றாலே நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். அது சரியாகத்தான் ஞாபகம் வருகிறது. மின் இணைப்புக்கு டெபாசிட், ரசீது. குடிநீர் இணைப்புக்கு, ரசீது. வருஷா வருஷம் சொத்து வரி, ரசீது. வங்கிக் கடனுக்கு வக்கீல் தந்த ஒப்பீனியன், நாற்பது பக்கம். அதில் ‘ஏரி’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், நான்கெல்லையில் மேற்கே. அனுமதியே இல்லாமல் கட்டிய வீட்டுக்கும் இந்த நகரம் வரி போடும். அபராதம் சேர்த்துப் போடும். அதே தாளின் அடியில், இந்த வரியைக் கட்டியதால் உங்கள் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது என்று ஒரு வரியும் போடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே பங்கு வாங்கிக்கொண்டு, இது திருட்டுதான் என்று எழுதியும் கொடுக்கிற நேர்மையை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும்?

இதற்கு மேல் மனைவி ஒரு யோசனை சொன்னாள். மாநகராட்சியின் வரவு செலவைப் பாருங்களேன், காசு உள்ள ஊர் என்றால் கால்வாயையாவது தூர் வாருவார்களே. நல்ல யோசனை. ஒரு தட்டில் ஏரி, மறு தட்டில் பட்ஜெட் என்று தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

2025-26க்கு ஜி.ஹெச்.எம்.சி. போட்ட பட்ஜெட் 8,440 கோடி. தலை சுற்றும் தொகை. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தலை நின்றுவிடும். ஊரில் வீடு வைத்திருப்பவர்களிடம் வரி வாங்குவது எந்த நகராட்சிக்கும் முதல் வழி. ஆனால் 2016-ல் தேர்தல் வந்தது. 1,200 ரூபாய் வரை வரி கட்டுகிற வீடுகள் இனி 101 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். மொய் எழுதுவது மாதிரி ஒரு ரூபாய் சேர்த்து 101. 2020-ல் தேர்தல் வந்தது. 15,000 ரூபாய் வரையிலான வரியில் பாதி தள்ளுபடி. அதே தேர்தலில் மாதம் 20,000 லிட்டர் குடிநீர் இலவசம் என்ற வாக்குறுதியும் வந்தது. 2021 ஜனவரியில் அமலானது. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, ஜீரோ பில்லைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன். ஆனால் மேம்பாலம் கட்ட வேண்டுமே. 2018-ல் பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் 200 கோடி கடன் எடுத்தார்கள், வட்டி 8.9 சதவீதம். அதற்கு மேலும் எடுத்தார்கள். வட்டி கட்ட வேண்டுமே. ஒப்பந்தக்காரர்கள் பில் பாஸாகவில்லை என்று தர்ணா உட்கார்ந்தார்கள்.

ஏழையின் வரியில் கைவைக்க மனம் வராத அரசுகள் நிலத்தில் கைவைத்தன. 2023 ஆகஸ்டில் கோகாபேட்டையில் ஏலம். ஒரு ஏக்கர் 100.75 கோடிக்குப் போனது. சுமார் 45 ஏக்கரில் 3,319 கோடி. உஸ்மான் சாகர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆட்சி மாறியது, ஏலச் சுத்தியல் மாறவில்லை. 2025 அக்டோபரில் ராய்துர்க்கத்தில் ஏக்கர் 177 கோடி. இடையில் 2025 மார்ச் கடைசியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் அருகே காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கரை ஏலத்துக்குத் தயார் செய்ய ராத்திரியும் பகலும் மரம் சாய்த்தார்கள், மயில்கள் கத்தின, உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. நகரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் விற்கப் பாறை உண்டு, புதர்க்காடு உண்டு, நீர்ப்பிடிப்பு உண்டு. அவை தீர்ந்தால் தவறுகளை விற்கலாம். 2020-ல் முறையற்ற மனைகளை முறைப்படுத்தும் எல்.ஆர்.எஸ். திட்டம் வந்ததே, மாநிலம் முழுக்க 25 லட்சத்துக்கு மேல் மனுக்கள். மனைக்கு ஆயிரம் ரூபாய் விண்ணப்பக் கட்டணம். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்: 250 கோடி, ஒரு மனையையும் முறைப்படுத்துவதற்கு முன்பே. ஐந்து வருஷம் அந்த மனுக்கள் ஊறின. 2025-ல் சீக்கிரம் கட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். ஆடித் தள்ளுபடி கேள்விப்பட்டிருப்பீர்கள். இது அத்துமீறல் தள்ளுபடி.

தராசைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு தட்டிலும் ஒரே பொருள்தான் இருந்தது. ஏரி போனால்தான் பட்ஜெட் தேறும். பட்ஜெட் தேறினால் போன ஏரிக்குக் கால்வாய் வெட்டலாம். 2020 வெள்ளத்துக்குப் பிறகு நாலாக்களைச் சீர்செய்ய 985 கோடியில் ஒரு திட்டம் போட்டார்களே, அது வேறென்ன? 2000 ஆகஸ்டில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் கொட்டி ஊர் மிதந்த பிறகு கிர்லோஸ்கர் நிறுவனத்தை வைத்து ஆய்வு நடத்தி 2003-ல் அறிக்கை வாங்கினார்கள். அதை அலமாரியில் வைத்தார்கள். அந்த அலமாரி உயரமான இடத்தில் இருந்திருக்க வேண்டும், நனையவில்லை. 2023 ஏப்ரல் கடைசியில், செகந்திராபாத் கலாசிகுடாவில், மழை நாள் காலை பால் வாங்கப் போன ஒரு சிறுமி திறந்துகிடந்த நாலாவில் விழுந்து செத்தாள். வீட்டுக்குக் கொஞ்சம் பால். 8,440 கோடியை அந்தப் பாலுக்கு எதிரே எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கில் நான் எப்போதும் மட்டம்.

இந்த ஊர் எப்போதும் இப்படி முட்டாளாக இருந்ததில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1908 செப்டம்பர் 28-ல் மூசி ஆறு நகரத்துக்குள் புகுந்தது. செத்தவர்கள் 15,000 பேர் என்பார்கள். அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் தொற்றிக்கொண்டு 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அந்த மரம் இன்னும் நிற்கிறது. நிஜாம் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டார். அவர் இன்னும் நாலு புளியமரம் நடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மேலே நீரைத் தேக்கு என்றார். 1920-ல் உஸ்மான் சாகர், 1927-ல் ஹிமாயத் சாகர். வெள்ளத்துக்கு அணை, வெயிலுக்குக் குடிநீர். ஒரு கல்லில் இரண்டு ஏரி. மக்களாட்சி அல்ல, முடியாட்சி. வெள்ளம் வந்த மாதிரியே வேலையும் வந்தது.

அந்த இரண்டு ஏரியையும் காப்பாற்ற 1996 மார்ச் 8-ல் அரசாணை 111 வந்தது. சுற்றிலும் பத்துக் கிலோமீட்டர், 84 கிராமங்கள், கட்டடத்துக்குக் கடிவாளம். 2022-ல் அந்தக் கடிவாளத்தை அவிழ்க்க இன்னோர் ஆணை. காரணம் சொன்னார்கள்: கிருஷ்ணா தண்ணீரும் கோதாவரித் தண்ணீரும் வருகிறது, இந்த ஏரிகளை நம்பி இனி நாம் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மோட்டார் வைத்து மேடேற்றிக் கொண்டுவந்து இலவசமாக ஊற்றுகிறோம், வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் எதற்கு என்கிற கணக்கு. ஏரிகளுக்கு அரசாணை படிக்கத் தெரியாது. 2025 செப்டம்பர் கடைசியில் இரண்டும் நிரம்பின, மதகைத் திறந்தார்கள், மூசி நேராக மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் வந்து பிளாட்பாரத்தில் ஏறியது. அது நியாயந்தான். ஆற்றின் நடுவே கட்டிய பேருந்து நிலையத்துக்கு ஆறு வராமல் யார் வருவார்கள்? அந்த இடத்துக்கு இம்லிபன் என்று பெயர், புளியந்தோப்பு. இந்த முறை தொற்றிக்கொள்ள மரம் இல்லை.

ஏரியே வேண்டாம், போர் தண்ணீர் போதும் என்று நகரைத் தாண்டிப் பட்டான்செரு பக்கம் போகலாம் என்றார் ஒரு நண்பர். பட்டான்செருவின் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007-ல் எழுதினார்கள்: சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவையும் தாண்டி அந்த நீரில் மருந்து இருந்தது. ஜவஹர் நகரில் மலிவு என்றார் இன்னொருவர். மலிவுதான், ஊர்க் குப்பையெல்லாம் அங்கே மலையாகக் கிடக்கிறது, அதன் சாறு மல்காரம் ஏரிக்கு இறங்குகிறது. ஆக, ஹைதராபாத்தில் நடுத்தர வர்க்கத்தான் முன்னே மூன்று வழி: மூழ்கலாம், மருந்தில் ஊறலாம், குப்பையை முகரலாம். மூன்றுக்கும் வீட்டுக்கடன் உண்டு.

நாங்கள் வீடு தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான், 2024 ஜூலையில், ஹைட்ரா பிறந்தது. ஏரிகளைக் காப்பாற்றவும் பேரிடரைச் சமாளிக்கவும் தனி அமைப்பு, தலைமையில் ஐ.பி.எஸ். அதிகாரி ஏ.வி. ரங்கநாத். எனக்கு மெய்யாகவே சந்தோஷம். ஆகஸ்ட் 24-ஆம் தேதி மாதாப்பூரில் தம்மிடிகுண்டா ஏரியோரம் நடிகர் நாகார்ஜுனாவின் என் கன்வென்ஷன் மண்டபம் தரைமட்டமானபோது ஊரே கைதட்டியது. ஏரியில் ஓர் அங்குலமும் எடுக்கவில்லை, பட்டா நிலம் என்றார் அவர். நீதிமன்றத் தடையும் வாங்கினார். தடை வருவதற்குள் மண்டபம் போய்விட்டது. பெரிய இடத்திலேயே கைவைத்துவிட்டார்களே என்று நானும் தட்டினேன். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் ஜே.சி.பி. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தது.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை: சுன்னம் செருவு. செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை: கூகட்பள்ளி நல்லசெருவும் அமீன்பூரும். தகரக் கொட்டகையில் தொழில் நடத்தியவர்கள் சாமானை எடுக்க ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஏன் ஞாயிற்றுக்கிழமை? நீதிமன்றத்துக்கு விடுமுறை. சூரியன் சாய்ந்த பிறகும் வார விடுமுறையிலும் ஏன் இடிக்கிறீர்கள் என்று செப்டம்பர் 30-ல் நீதிபதி கே. லட்சுமண் நேருக்கு நேர் கேட்டார். மூசிக் கரைக் குடிசைகளின் சுவர்களில் ஆர்.பி.-எக்ஸ் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார்கள். ஆற்றுப்படுகையாம். அந்த எழுத்தைப் பேருந்து நிலையத்தின் தூண் ஒன்றிலாவது எழுதினார்களா என்று நான் தேடிப் பார்த்தேன்.

துர்கம் செருவில் கதை வேறு நடையில் நடந்தது. அங்கே ஏரிக்கரைப் பங்களாக்கள். முதலமைச்சர் ரேவந்த் ரெட்டியின் சகோதரர் வீட்டுக்கும் நோட்டீஸ் போனது, யாரையும் விடவில்லை என்று அதை மெச்சிக்கொண்டார்கள். நோட்டீஸ், 30 நாள் கெடு, ஆட்சேபம், மனு, மறு அளவை. ஏரிக்குள் நிற்கும் கல்லூரிகளுக்குக் கல்வியாண்டு முடியட்டும் என்று கருணை. கூகட்பள்ளிக் கொட்டகைக்காரருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் கல்வியாண்டு உண்டு. மேலே போகப் போக ஏரியின் எல்லை நெகிழ்ந்து கொடுக்கும், கீழே இறங்க இறங்க இரும்பாகும். இது பௌதிகத்துக்கு நேர்மாறு என்பதை ஹைட்ராவின் பொறியாளர்கள் கவனிக்க வேண்டும். ஹைட்ராவின் அலுவலகம் புத்த பவனில், ஹுசேன் சாகரின் பின்பக்கம். எத்தனை மீட்டர் என்று நான் டேப் வைத்து அளக்கவில்லை. அந்த ஏரியைத் தூர்த்துச் சாலையும் பூங்காவும் போட்டவர்கள் வீடு வாங்கியவர்கள் அல்ல.

பிறகு ஓர் அறிவிப்பு: 2024 ஜூலைக்கு முன் அனுமதியோடு கட்டிக் குடியேறிய வீடுகளைத் தொடமாட்டோம். அதாவது ஏரி விஷயத்தில் பாவத்துக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்வதுபோல. அனுமதியோடு என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த அனுமதியைக் கொடுத்தவர் யார், அவர் எந்த ஊரில், எந்தத் திக்கு பார்த்த வீட்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அறிவிப்பில் இல்லை.

போன வாரம் தரகர் கூப்பிட்டார். ஒன்றரை வருஷமாகிறது, என் நம்பரை மறக்கவில்லை.

“சார், அந்த ஃபோர்த் ஃப்ளோர் இன்னும் இருக்கு. ஆனா ரேட் கொஞ்சம் ஏறிடுச்சு.”

“ஏங்க?”

“ஏரியை டெவலப் பண்றாங்க சார். வாக்கிங் டிராக் வருது, லைட்டு போடறாங்க. ஆகாயத்தாமரை பாதி எடுத்தாச்சு. இப்ப வாங்க, தண்ணி தெரியும்.”

செல்லார் பற்றிக் கேட்டேன். புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், முழுச் சுவருக்கும், இந்தத் தடவை ஒரே வெள்ளை. மீட்டர்? அங்கேயேதான். கட்டடத்துக்கு ஏதும் பிரச்சினை வந்ததா? “பெர்மிஷன் இருக்கே சார்.” அப்புறம் அவராகவே குரலைத் தாழ்த்தி, எனக்கென்று எடுத்துவைத்த நல்ல செய்தியைச் சொன்னார்.

“அந்த நீலக் கொட்டகை ஒண்ணு இருந்ததில்ல சார், நீங்ககூட பார்த்தீங்களே? அது போயிடுச்சு. ஒரு ஞாயித்துக்கெழம விடிகாலைல ஜே.சி.பி. வந்துச்சு, அரை மணி நேரந்தான்.”

“வாட்ச்மேன்?”

“வேற ஆள் போட்டாச்சு சார். இப்ப வியூ கிளியர்.”